மோரீசு போனவர்

மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. அதன் வளாகத்துக்குள்தான் இந்தியக் குடியேறிகளின் ஆவணக் காப்பகம். பாட்டன் பூட்டனைத் தேடிக்கொண்டு அங்கே போகிறவர் பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொன்னால்தான் வேலை நடக்கும். காரணம் எளிது. 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவில் இறங்கினார்கள். பாதிக்கு மேல் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள், சுமார் மூன்றில் ஒரு பங்கு சென்னையில், மிச்சம் பம்பாயில். ராமசாமிகளும் வீராசாமிகளும் ஆயிரக்கணக்கில் இறங்கிய துறைமுகத்தில் பெயரை வைத்து யாரைப் பிடிப்பது?

அதனால் ஆளுக்கு ஓர் எண். தோட்டத்து ஒப்பந்தத்தில் அந்த எண், கையிலேயே வைத்திருக்க வேண்டிய டிக்கெட்டில் அந்த எண், கல்யாணப் பதிவிலும் பிள்ளை பிறந்த பதிவிலும் சாவுப் பதிவிலும் அதே எண். இன்றைக்கு அங்கே பிறந்த ஒரு பேரன் தன் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதிலிருந்து அவருடைய அப்பாவின் கல்யாணச் சான்றிதழுக்குப் போய், படிப்படியாகப் பின்னால் நடந்தால், ஏதோ ஒரு காகிதத்தில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் தட்டுப்பட்டுவிடும். எண் கிடைத்துவிட்டால் கப்பல், ஊர், அப்பா பெயர், எல்லாம் ஒரே பக்கத்தில்.

ஆனால் இந்தப் பாதை ஒருபக்கமாக மட்டுமே போகிறது. அங்கே பிறந்தவர்கள் இந்தியாவை நோக்கித் தேடுவதற்கு வழி இருக்கிறது. இங்கேயே இருந்துவிட்டவர்களின் வாரிசுகள், ‘எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தர் போனாரே, அவர் என்ன ஆனார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வழி இல்லை. அவருடைய எண் நமக்குத் தெரியாது. அது கடலுக்கு அந்தப் பக்கம் கொடுக்கப்பட்டது.

எங்களிடம் இருந்தது ஒரு பத்திரம். 1884ஆம் வருஷம் என் எள்ளுத்தாத்தாவும் அவருடைய நடுத்தம்பியும் செய்துகொண்ட பாகப் பிரிவினை. மனை இன்னாருக்கு, கொல்லை இன்னாருக்கு, மாடு இன்னாருக்கு என்று பிரித்துக்கொண்டு வந்தவர்கள் ஓர் இடத்தில் நின்றிருக்கிறார்கள். மோரீசுக்குப் போயிருக்கும் கடைசித் தம்பிக்கு நஞ்சையில் மூன்று மா; அவர் வரும்வரை மூத்தவர் சாகுபடி செய்து, வந்ததும் ஒப்படைக்க வேண்டியது. அவர் போய் அப்போதே இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அவரை ‘மோரீசுத் தாத்தா’ என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவுக்குப் போய்விட்டு வரும் பையன்களை என் பாட்டி, ‘மோரீசு போனவன் மாதிரி எங்கடா போயிட்டு வரே?’ என்று அதட்டுவாள். எனக்கு ரொம்ப நாள் மோரீசு என்பது ஏதோ கெட்ட பழக்கத்தின் பெயர் என்றே எண்ணம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதலில் வந்து இறங்கியவரின் பெயரே அந்தத் தீவில் குடும்பப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் மளிகைக் கடை முதல் வக்கீல் அலுவலகம் வரை பலகைகள் தொங்குகின்றன. உயிரோடு இருக்கிறவர்களின் கதவை நான் அடையாளம் காட்டுவானேன்.

அவர்களைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. மொரீஷியஸில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, மூதாதையரின் ஊரைத் தேடும் குடும்பங்களுக்காகப் பழைய பதிவுகளில் உள்ள ஊர்ப் பெயர்களை அவிழ்த்துக் கொடுப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். அதைப் பிரெஞ்சு பேசும் நாக்கு படிக்கும். அவரிடம் அவிழாத பெயர்கள் ஒரு பட்டியலாகச் சேர்ந்திருந்தன. ஆராய்ச்சி விஷயமாகத் தஞ்சாவூர் வந்தவர் நண்பர் வீட்டில் அந்தப் பட்டியலை என்னிடம் நீட்டினார். அதில் ஒன்று ‘டல்லசிங்கோட்’. ஜில்லா என்ற கட்டத்தில் மை பரவியிருந்ததால், கோழிக்கோடு மாதிரி கோட்டில் முடிகிறதே என்று அந்தக் குடும்பத்தார் கேரளத்துக்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பியிருந்தார்களாம்.

நான் அதை இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்னேன். தலைச்சங்காடு.

ஆக்கூருக்கும் பூம்புகாருக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊர். ஒரு சிவன் கோயில், பாடல் பெற்றது, ஒரு பெருமாள் கோயில், நூற்றெட்டில் ஒன்று, மற்றபடி வயல். காவிரியின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எல்லாரும் குடித்துவிட்டு மிச்சம் வரும் இடம். நெல் விளைந்தாலும் கஷ்டம், விளையாவிட்டாலும் கஷ்டம் என்ற பூமியில் கடல் ஒன்றுதான் பக்கத்தில் இருந்த வாசல். தெற்கே தரங்கம்பாடி, அதன் பக்கத்தில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சிறை போன வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. பர்மா, மலேயா, இலங்கை, நேட்டால் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் கப்பலேறியிருப்பார். எங்கள் ஜில்லாவின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: தஞ்சாவூர், நாகப்பட்டினம், இப்போது மயிலாடுதுறை.

மோரீசுத் தாத்தா போனது 1859இல். அந்த ஒரே ஆண்டில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் மொரீஷியஸில் இறங்கினார்கள். வேறெந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் போனதில்லை. சர்க்கரைக்கு அப்படி ஒரு பசி. தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது ரயில் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தண்டவாளம் வந்ததே 1861இல். ஆகவே சென்னைவரை நடைதான். சென்னையிலும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக்கொண்டு போய் ஏற்றுவார்கள். பிறகு ஐந்தாறு வாரம் கடல். எனக்கு விமானத்தில் ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் பதினாறு கருங்கல் படிகள் இருக்கின்றன. படகிலிருந்து இறங்கியவர்கள் அதில் ஏறித்தான் குடியேற்றக் கிடங்குக்குள் போனார்கள். 1849இல் கட்டத் தொடங்கிய கிடங்கு; கூலி காட் என்று இருந்த பெயரைப் பிற்பாடு ஆப்ரவாசி காட் என்று மாற்றினார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்ப்பதற்கு ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை. பழைய கட்டடங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை இரைச்சலோடு ஓடுகிறது. சமையற்கட்டின் அடித்தளம், ஆஸ்பத்திரிப் பகுதி, கழிப்பிடங்கள், காவலர் அறை. இரண்டு நாள் தங்கவைத்து, எண் கொடுத்து, எந்தத் தோட்டம் என்று முடிவு செய்து அனுப்பிவிடுவார்கள். படிகளில் யாத்திரிகர்கள் பூ வைத்திருந்தார்கள். எனக்குப் பூ வைக்கத் தோன்றவில்லை. அந்தப் படிகளைவிட அந்தக் கழிப்பிட வரிசைதான் எனக்குப் பல விஷயங்களைச் சொன்னது. ஒரே சமயத்தில் எத்தனை உடம்புகளை எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் தெரிகிறது.

1835இல் அடிமை முறை ஒழிந்தது. பழகுநர் என்ற பெயரில் சில ஆண்டுகள் பிடித்துவைத்திருந்த ஆட்களும் 1839இல் விடுதலையாகிக் கரும்புக் காட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் நம் ஆட்கள். ‘மாபெரும் பரிசோதனை’ என்று அதற்குப் பெயர் வைத்த ஆங்கிலேயர்கள், இங்கே தேறியதைப் பிறகு டிரினிடாட், கயானா, நேட்டால், பீஜி என்று கொண்டுபோனார்கள். மொரீஷியஸிலோ 1861 கணக்கெடுப்பின்போதே மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டார்கள் இந்தியர்கள்.

ஆனால் தமிழர்கள் அந்தத் தீவுக்குக் கூலிகளாகத்தான் முதலில் போனார்கள் என்பதும் சரியில்லை. பிரெஞ்சுக்காரன் லாபூர்தொனே 1730களிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்துப் போர்ட் லூயிஸைக் கட்டினான். அதனாலோ என்னவோ, எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தாலும் தமிழர்கள் அங்கே தங்கள் வரிசையை விட்டுக்கொடுப்பதில்லை. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ், பிறகு இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கிளம்பிய எதிர்ப்பில் நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைப்படியே மறுபடி அடித்தார்கள். சந்தையில் பருப்புப் பூரி வாங்கிவிட்டுக் கையில் மிஞ்சிய நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

மோக்காவுக்கு என்னோடும் ஆசிரியையோடும் வந்தவன், ‘டல்லசிங்கோட்’டைத் தேடிய குடும்பத்து இளைஞன். எபேன் என்ற ஊரில் கணக்கர் வேலை. சான்றிதழ்ச் சங்கிலி அவன் பெயரில் இருப்பதால் விண்ணப்பதாரன் அவன். நான் கூட வந்த ஆள். அவன் அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. 2024இல் நம் குடியரசுத் தலைவர் மொரீஷியஸுக்குப் போனபோது, அங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறைவரை ஓசிஐ என்கிற வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று அறிவித்தார். அவன் ஆறாம் தலைமுறை. பிறந்து சில மாதங்களே ஆன அவன் மகள் ஏழாம் தலைமுறை. ‘சட்டம் என் பெண்ணோடு முடிகிறது, தொந்தோன்’ என்றான். கிரியோலில் மாமாவையும் பெரியப்பாவையும் பேதமில்லாமல் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ரெஜிஸ்டரின் பக்கத்தை முன்னால் வைத்தார்கள். இரண்டில் தொடங்கும் ஆறு இலக்க எண். பெயர். வயது 22. உயரம் ஐந்தடி மூன்றரை அங்குலம். அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. கப்பல், வந்து சேர்ந்த தேதி, அனுப்பப்பட்ட தோட்டம். அப்பா பெயர் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை ஆசிரியை மெதுவாக எழுத்துக்கூட்டினார். நான் பையிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்து முதல் வரியைக் காட்டினேன். இன்னார் குமாரர்கள் என்று எங்கள் பத்திரம் யாரைச் சொல்கிறதோ, அவரேதான்.

ஆசிரியை உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர்கள் வீட்டுப் பெரியவர் மோரீசுத் தாத்தாவின் கொள்ளுப்பேத்தி, என் அப்பா அண்ணனுடைய கொள்ளுப்பேரன், ஒரே தலைமுறை. ‘அப்படியென்றால் ஐயா, அந்தம்மா உங்களுக்கு அத்தை முறை!’ ஆவணக் காப்பகத்தில் சத்தம் போடக் கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டது.

எனக்கு அந்தத் தழும்பிலேயே கண். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி எத்தனையோ கதைகள்: மாட்டுத் தகராறில் கோபித்துக்கொண்டு போனார், கூத்துப் பார்க்கப் போன இடத்தில் மேஸ்திரி பேச்சில் மயங்கினார் என்று. புருவத்துத் தழும்பை யாரும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு அது தினம் பார்த்த முகம். எழுதிவைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்நிய அரசாங்கம் அங்குலக் கணக்கில் அளந்து எழுதிவைத்தது, ஓடிப்போனால் பிடிப்பதற்கு. இன்றைக்கு இந்தப் பதிவேடுகளைப் பற்றிப் பேசும்போது பலர் குரலில் ஒரு நன்றி தொனிக்கிறது. எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன் என்கிறார்கள். ஜெயில் ரெஜிஸ்டரும் ஒழுங்காகத்தான் எழுதப்படும்.

அந்த ஒழுங்கு எதற்கு என்பது பின்னால் வந்த சட்டங்களில் தெரியும். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தவன் ‘பழைய குடியேறி’. பேருக்குச் சுதந்திர மனிதன். திரும்பிப் போக இலவசக் கப்பல் என்ற ஏற்பாட்டை 1850களின் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு புகைப்படம் ஒட்டிய டிக்கெட் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது; ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் காவல் நிலையத்து அனுமதி. காகிதம் கையில் இல்லாதவன் நாடோடி. நாடோடிகளுக்கு என்றே ஒரு சிறைக்கூடம். இதை எதிர்த்து 1871இல் 9,401 பழைய குடியேறிகள் ஆளுநருக்கு ஒரு மனு கொடுத்தார்கள். எழுதியவர் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர்; துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர். தோட்ட முதலாளிகள் பிளெவிட்ஸைத் தீவை விட்டே துரத்தத் துடித்தார்கள். ஆனால் லண்டன் அசைந்தது. 1872இல் அரச ஆணையம் வந்தது. 1875இல் வெளிவந்த அதன் அறிக்கை மனுவில் சொன்னவற்றில் பெரும்பாலானவை உண்மை என்று காட்டியது. எங்கள் தாத்தா அதில் கையெழுத்துப் போட்டாரா என்று அந்த இளைஞன் கேட்டான். போட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று இருவருக்கும் ஆசைதான்.

அவரை அனுப்பிய தோட்டம் ப்ரா தோ. தீவின் வடகிழக்குக் கரையோரம். கரும்பு அங்கே எப்போதோ ஒழிந்துவிட்டது. 1901இல் அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கிக் காடு வளர்த்தது. 2011இல் தேசியப் பூங்காவாக்கியது. ஆலையின் சுவர்கள் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. சாந்து உதிர்ந்த கல்லிடுக்குகளில் வேர் இறங்கியிருக்கிறது. கோக் தெ புவா என்கிற, தீவில் அருகிப்போன ஒரு சின்னஞ்சிறு பறவைக்குப் புகலிடம் அது; பறவை பார்க்க வந்த ஐரோப்பியத் தம்பதி எங்களை வாயில் விரல் வைத்து அடக்கினார்கள். அங்கே எனக்கு வியப்பாக இருந்தது கல்தான். எரிமலை கக்கிய தீவு அது. மண்ணைத் தோண்டினால் கருங்கல். கரும்பு நடுவதற்கு முன்னால் அந்தக் கல்லையெல்லாம் கையால் பெயர்த்து, தூக்கி, ஓரத்தில் அடுக்க வேண்டும். தீவு முழுக்கக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கோபுரம் கோபுரமாக நிற்கிற கற்குவியல்களை அடுக்கியவை மனிதக் கைகள். கடைமடை வண்டலில், கல்லே கண்ணில் படாத மண்ணில் பிறந்த இருபத்திரண்டு வயசுப் பையன் இங்கே வந்து மாதம் ஐந்து ரூபாய்க்குக் கல் தூக்கினான். கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பு. அந்த ‘இரட்டை வெட்டு’ பல மாதங்களில் ஐந்து ரூபாயை மூன்றாக்கியிருக்கும்.

தேசிய ஆவணக் காப்பகம் இருந்த இடத்தின் பெயர் கோரமாண்டல். சோழமண்டலக் கரையிலிருந்து போனவனைத் தேடிச் சோழமண்டலத்துக்கே போய் நிற்பது என்னவோ விளையாட்டு மாதிரிதான் இருந்தது. அங்கே தேடியது நிலப் பத்திரம். 1880களில் சர்க்கரை விலை சரியச் சரிய, முதலாளிகள் தோட்டங்களின் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு இந்தியர்களுக்கே விற்கத் தொடங்கினார்கள். கிராண்ட் மோர்செல்மான், பெரிய துண்டாடல் என்று அதைச் சொல்கிறார்கள். விலையை ரொக்கமாக ஒரு பங்கும் தவணையாக மிச்சமும் கொடுத்து வாங்கியவர்கள்தான் பிறகு சிறு கரும்பு விவசாயிகள் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகள் வாத்தியார்களும் வக்கீல்களும் ஆனார்கள். அந்தத் தீவின் இன்றைய அரசியலுக்கு விதை அந்தத் துண்டுகளில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஃப்ளாக் மாவட்டத்தில் போன் அக்கேய் என்ற கிராமத்துப் பக்கம் அவர் இரண்டு ஆர்ப்பான் நிலம் வாங்கியிருக்கிறார். பத்திரம் பிரெஞ்சு. காய்கறி வியாபாரி என்று தொழில் போட்டிருந்தது. மனைவி அங்கேயே பிறந்த தெலுங்குப் பெண். கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் சுழித்த கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக, அழுத்தி எழுதிய தமிழில் அவர் பெயர். புள்ளி வைக்கவில்லை, அந்தக் காலத்து வழக்கம்.

எனக்கு எங்கள் ஊர்ப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. அங்கே என் எள்ளுத்தாத்தா போட்டிருப்பது கீறல். பக்கத்தில் வேறொருவர் கையால் ‘இன்னார் கீறல்’ என்ற குறிப்பு. அண்ணனுக்கு எழுத்து இல்லை. தம்பிக்கு இருந்தது, திண்ணைப் பள்ளியில் கற்றதோ, தீவில் யாரிடமாவது கற்றதோ. ஒன்று மட்டும் நிச்சயம். தம்பி எழுதினாலும் அண்ணன் அதைப் படிக்க இன்னொருவர் வாயைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இதை நான் போன் அக்கேயில் சொல்ல வேண்டி வந்தது. அத்தைக்கு எண்பதைத் தாண்டிய வயது. சேலை கட்டியிருந்தார், எனக்காக என்று பிறகு தெரிந்தது. வாசலில் மாவிலை, உள்ளே முருகன் படம், அதற்குப் பக்கத்திலேயே மாமனார் வழியில் வந்த நரசிம்மர். தைப்பூசம் அங்கே அரசாங்க விடுமுறை. அந்த வீட்டில் காவடி எடுக்காத ஆண்பிள்ளை கிடையாது. வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். வாழைக்காய், பலாக்காய், பூசணி, தக்காளிச் சட்டினி, பிறகு ரசம், பாயசம். வாழைக்காயில் கொஞ்சம் புளி தூக்கல். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே சொல்லவில்லை. அத்தை பேசியது கிரியோல். ஆசிரியை நடுவில் உட்கார்ந்து தமிழாக்கினார்.

‘மூன்று கடிதம் போட்டார். பணமும் அனுப்பினார். அண்ணன் ஒரு வரி பதில் போடவில்லை. அந்த வருத்தத்திலேயே செத்தார் என்று என் தாத்தா சொல்வார்.’

எங்கள் வீட்டில் கதை நேர் எதிர். போனவர் ஒரு வரி எழுதவில்லை, கல்நெஞ்சக்காரர் என்றே நாலு தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கடிதங்கள் கடலில் போயினவா, கச்சேரியில் நின்றனவா, வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவர் பணத்தை மட்டும் படிக்காமல் விட்டாரா, எந்த ரெஜிஸ்டரும் சொல்லாது. நான் கீறலைப் பற்றிச் சொன்னேன். பத்திரத்தை எடுத்து அந்த மூன்று மா வரியைப் படித்தேன். ஆசிரியை மொழிபெயர்க்கும்போதே அத்தை இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

‘இருபத்தைந்து வருஷம் கழித்தும் பங்கு வைத்தார்களா?’

‘வைத்தார்கள், அத்தை.’

‘இப்போது அந்த நிலம்?’

இந்தக் கேள்வி வரும் என்று விமானத்திலேயே எதிர்பார்த்தேன். ‘அப்பா காலத்தில் விற்றாயிற்று. ஒரு கல்யாணச் செலவுக்கு.’

‘யார் கல்யாணம்?’

‘அப்பாவின் தங்கை. இன்னொரு அத்தை.’

கொஞ்ச நேரம் யோசித்தார். பெண் கல்யாணத்துக்குத்தானே, போகட்டும் என்றார். கணக்கர் பேரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு மா என்றால் எவ்வளவு என்றான். இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்றேன். தொலைபேசியில் தட்டிப் பார்த்தான். ‘மூன்று மா ஓர் ஆர்ப்பான்கூட முழுசாக வரவில்லை, தொந்தோன். இங்கே இரண்டு வாங்கியிருக்கிறார். தாத்தா கப்பலேறியது லாபம்தான்.’

அத்தை அவனைப் பார்த்துக் கிரியோலில் ஏதோ சுருக்கென்று சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை எனக்காகத் திருப்பிச் சொன்னார்: ‘கல் தூக்கியது நீயா, அவரா? அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துவிட்டுப் பிறகு லாபம் சொல் என்கிறார்.’

அவன் மறுபடி தொலைபேசியை எடுத்தான். மாதம் ஐந்து ரூபாய், ஐந்து வருஷம், இரட்டை வெட்டுக்கு எவ்வளவு கழிப்பது என்று என்னைக் கேட்டான். அதற்குள் இலையில் பாயசம் விழுந்துவிட்டது.